திறனைக் கூட்டினால் கசிவும் கூடும்

ரேடியோ அலையால் பொருள்களை அடையாளம் காட்டும், பேட்டரி இல்லாத ஆர்எஃப்ஐடி சில்லுகளில் குறுக்கீடு வந்தால், வாசிப்புக் கருவியின் அனுப்பும் திறனைக் கூட்டினால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. சில்லு விழித்தெழ அது உதவும், குறுக்கீட்டுக்கு மருந்தாகாது.

இந்தச் சில்லு தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை. ஆன்டெனாவுடன் இணைந்த மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கான தடையை) மாற்றி மாற்றி, தன்மேல் விழும் அலையைக் கூட்டியோ குறைத்தோ எதிரொளிக்கிறது. பொறியாளர் ஹாரி ஸ்டாக்மன் 1948-இலேயே முன்வைத்த கருத்து இது. சில்லு பதில் சொல்லும்போதும் வாசிப்புக் கருவி தன் அலையை நிறுத்த முடியாது. அந்த அலைதான் சில்லுக்கு மின்சாரம், நிறுத்தினால் சில்லு உறங்கிவிடும். ஆகவே கத்திக்கொண்டே அடுத்தவர் முணுமுணுப்பைக் கேட்கும் நிலை. திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் திரும்பிவரும் திறன் 16-இல் ஒரு பங்காகிவிடும். அனுப்புபகுதியிலிருந்து பெறுபகுதிக்குக் கசியும் அலையோ அப்படியே இருக்கும். திறனைக் கூட்டினால் கசிவும் அதே விகிதத்தில் கூடும், பக்கத்துக் கருவிகளுக்கும் தொல்லை.

பயன் தருவது வேறு வழி. கசிவுக்கு நேரெதிர்க் கட்டத்தில், அதாவது ஏற்ற இறக்கம் தலைகீழாக, ஓர் அலையைச் சேர்த்து அதை அடக்கலாம். தரவை அலைத் துடிப்புகளாக எழுதும் மில்லர் குறியீட்டு முறையில், பதிலை வாசிப்புக் கருவியின் மைய அதிர்வெண்ணிலிருந்து சற்றுத் தள்ளிவைக்கலாம். வேகம் குறையும், ஆனால் பதில் தெளிவாகக் கேட்கும். தள்ளிவைப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: மின்மறுப்பைச் சாதாரணமாக மாற்றி மாற்றி இணைப்பது மையத்தின் இருபுறமும் பதிலின் பிம்பத்தை (நகலை) உண்டாக்கும், தேவையற்ற பிம்பம் அடுத்த அலைவரிசையில் போய் விழும். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.

2013-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் தொலைக்காட்சி அலைகளையே எதிரொளித்துக் காட்டினார்கள். வேகமாக மாறும் அந்த அலையைச் சராசரி எடுத்தால் சில்லின் மெதுவான துடிப்பு மிஞ்சும். அங்கே அனுப்பும் திறன் அவர்கள் கையிலேயே இல்லை.