தீர்த்துவிட்டார்களாம்!

தெருவிளக்கு எரியவில்லை என்று எங்கள் நகராட்சியின் செயலியில் புகார் போட்டேன். ஓடிபி, வார்டு எண், கம்பத்தின் படம் என்று கேட்டதையெல்லாம் கொடுத்தாயிற்று. மறுநாளே குறுஞ்செய்தி: ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’ அட, பரவாயில்லையே என்று திறந்தால், ஆதாரமாக ஒரு புகைப்படம். உச்சி வெயிலில் நிற்கும் கம்பம்! நடு மத்தியானம் எடுத்த படத்தில் பல்பு எரிகிறதா இல்லையா என்று எந்தச் சாமி வந்து சொல்லும்? கீழே ஐந்து நட்சத்திரம் வேறு கேட்கிறார்கள். ‘தீரவில்லை’ என்று சொல்ல வழியே இல்லை. புதிதாகப் புகார் போட வேண்டுமாம், புது எண்ணோடு. பழையது அவர்கள் கணக்கில் தீர்ந்தது தீர்ந்ததுதான்.

கிராமத்திலாவது வருடத்துக்கு 6 கிராமசபை உண்டு; எழுந்து நின்று தலைவரின் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். (பதில் வருமா என்பது வேறு கதை.) தமிழ்நாட்டு நகரங்களுக்கும் வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் விதிகள் வந்தன. சரி, எங்கள் பகுதி சபை எங்கே, எப்போது கூடுகிறது என்று அதே செயலியில் துழாவினேன். மூச்சே இல்லை. சொத்து வரி கட்டும் பக்கம் மட்டும் தொட்டவுடன் திறக்கிறது, ஓடிபிகூடக் கேட்காமல்.