ரெக்டாலின் பெனால்டி: ஒரு திருத்தம்

"நடுவர் தானமாகக் கொடுத்த ஒரு பெனால்டியைத் தவிர ஷெட்டில் ரெக்டாலின் வாழ்க்கையில் ஒன்றுமில்லை" என்று நார்வே கால்பந்து வீரரான அவரைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது இரு வகையிலும் தவறு.

1998 உலகக் கோப்பையில், ஜூன் 23 அன்று பிரான்ஸின் மார்செய்யில் பிரேசிலுக்கு எதிராக நார்வேக்கு வெற்றி தேடித்தந்த அந்தப் பெனால்டி வழங்கப்பட்டபோது, நேரலையைப் பார்த்த எவருக்கும் தவறு எதுவும் தென்படவில்லை என்பதும், அதனால் நடுவர் பஹார்மஸ்த் கடுமையாகச் சாடப்பட்டார் என்பதும் உண்மையே. ஆனால் பிறகு வெளிவந்த ஸ்வீடன் தொலைக்காட்சிக் காட்சியில், நார்வே வீரர் தோரே ஆந்த்ரே ஃப்ளோவின் சட்டையைப் பிரேசில் வீரர் ஜூனியர் பயானோ பற்றி இழுப்பது தெளிவாகத் தெரிந்தது. வசை பாடியவர்களில் பலர் இதைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

மேலும், 56 ஆண்டுகளுக்குப் பிறகு நார்வே உலகக் கோப்பைக்குத் திரும்பிய 1994இல், மாற்று ஆட்டக்காரராக இறங்கி மெக்சிகோவை வீழ்த்திய ஒரே கோலை அடித்தவரும் இதே ரெக்டால்தான். கடந்த நூற்றாண்டில் ஆடவர் உலகக் கோப்பையில் நார்வே வென்ற ஆட்டங்கள் இவை இரண்டே. இரண்டிலும் வெற்றிக் கோல் அவருடையது.

ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ் நாடுகளின் கிளப்புகளிலும் ஆடிய அவர், 2005இல் நார்வே கிளப்பான வாலெரெங்காவின் பயிற்சியாளராக, தொடர்ந்து 13 முறை நார்வே லீக் பட்டம் வென்றிருந்த ரோசன்போர்க் கிளப்பின் ஆதிக்கத்தையும் முடிவுக்குக் கொண்டுவந்தார்.