சமாதானத்தை யாரிடம் சொல்கிறார்கள்?

அமைதியை விரும்புவதாகச் சொல்லாத நாட்டுத் தலைவரைக் காண்பது அரிது. படைகளுக்கு ஆணையிட்டவர்களில் பெரும்பாலோர் அதைச் சொல்லிவிட்டே ஆணையிட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு தலைவரின் அமைதிப் பேச்சைப் படிக்கும்போது நான் இரண்டைத்தான் தேடுகிறேன்: அதை அவர் யாரைப் பார்த்துச் சொல்கிறார், அதற்காகத் தம் தரப்பில் எதை விட்டுக்கொடுக்கிறார்.

1963 ஜூன் 10 அன்று வாஷிங்டனில், அமெரிக்கன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி ஆற்றிய உரையில் இரண்டுக்கும் நேரான பதில் உண்டு. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டதால் உலகம் அணுப்போரின் விளிம்புவரை சென்று மீண்டு அப்போது எட்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. சோவியத் தலைவர்கள் மனம் மாறட்டும் என்று காத்திருப்போர், அமைதியைப் பற்றியும் சோவியத் ஒன்றியத்தைப் பற்றியும் தாங்கள் கொண்டுள்ள எண்ணங்களையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று அவர் தம் மக்களிடமே கேட்டார். இரண்டாம் உலகப்போரில் குறைந்தது 2 கோடி சோவியத் மக்கள் மாண்டதையும், அவர்களுடைய வீடுகளும் வயல்களும் எரிந்து அழிந்ததையும் எடுத்துரைத்தார். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகம் ஒன்றே பலரின் பிழைப்பைப் பறித்த மக்கார்த்தி காலம் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத நாட்டில், ஓர் அதிபர் பகைவரின் துயரத்தை இவ்வளவு மதிப்போடு பேசியதை நான் பெரிய துணிச்சலாகவே கருதுகிறேன்.

மற்ற நாடுகள் செய்யாதவரை அமெரிக்கா வளிமண்டலத்தில் அணுகுண்டுச் சோதனை நடத்தாது என்ற அறிவிப்பும் அதே உரையில் வந்தது. சோவியத் நாளேடுகள் அந்த உரையை வெளியிட்டன. ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகிய மூன்றும் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. செப்டம்பரில் அமெரிக்க செனட் 80-க்கு 19 என்ற வாக்குகளில் அதை ஏற்றது. நிலத்தடிச் சோதனைகளுக்குத் தடை இல்லை என்பது பெரிய குறைதான். வியட்நாமில் அமெரிக்க இராணுவ ஆலோசகர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 16,000 ஆக உயர்ந்ததும் கென்னடியின் ஆட்சியில்தான் என்பதை மறைத்து அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

சொல்லழகு என்று பார்த்தால், ஸ்டாலின் மறைந்த சில வாரங்களில், 1953 ஏப்ரல் 16 அன்று, கென்னடிக்கு முன் அதிபராக இருந்த ஐசனோவர் ஆற்றிய உரை இதற்கும் மேலானது. செய்யப்படும் ஒவ்வொரு துப்பாக்கியும் பசித்தவரிடமிருந்து திருடப்பட்டதே என்றும், ஒரு பெரிய குண்டுவீச்சு விமானத்தின் விலையில் முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் பள்ளிக்கூடம் கட்டலாம் என்றும் அவர் பேசியதை எப்போது படித்தாலும் மனம் கனக்கிறது. ஆனால் முதலில் மாறிக் காட்ட வேண்டிய பொறுப்பை அவர் பெரும்பாலும் மாஸ்கோவின் மீதே வைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஈரானில் பிரதமர் மொசாதெக்கின் அரசைக் கவிழ்த்ததில் அவருடைய நாட்டின் உளவுத்துறைக்குப் பங்கு இருந்தது.

கென்னடிக்குப் பின் அதிபரான லிண்டன் ஜான்சனின் பேச்சுதான் என்னை அதிகம் வருத்துகிறது. 1964 அக்டோபரில், தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, ஆசிய இளைஞர்கள் தாங்களே செய்துகொள்ள வேண்டியதைச் செய்ய அமெரிக்க இளைஞர்களைப் பத்தாயிரம் மைல் தொலைவுக்கு அனுப்பப் போவதில்லை என்று ஓஹியோ மாநிலத்தின் அக்ரன் நகரில் அவர் உறுதி கூறினார். வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடமிருந்து அவர் ஆகஸ்டிலேயே பெற்றுவிட்டிருந்தார். அடுத்த மார்ச்சில் தென் வியட்நாமின் டா நாங் கடற்கரையில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் இறங்கினர். ஏப்ரல் 7 அன்று நிபந்தனையற்ற பேச்சுவார்த்தைக்கும் தென்கிழக்கு ஆசியாவின் வளர்ச்சிக்கு 100 கோடி டாலர் உதவிக்கும் முன்வந்து அவர் உருக்கமாகப் பேசினார். அப்போதும் வட வியட்நாம் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டின் முடிவில் அங்கிருந்த அமெரிக்கப் படையினர் 1,80,000-க்கும் மேல்.

அந்தப் பேச்சுகளை வெளியிட்ட நாளேடுகள், அதே வாரத்தில் அவர் பிறப்பித்த ஆணைகளையும் அதே பக்கத்தில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்றைய தலைவர்களின் பேச்சுகளுக்கும் செய்தி ஊடகங்கள் அதையே செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.