ஒரு தட்டுக்கு அஞ்சு பைசா

கல்யாண ரிசப்ஷன் கச்சேரியில் தபேலா வாசித்ததற்கு என் கவரில் மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டு. அதைக்கூட வழக்கம்போல மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருப்பேன். பக்கத்தில் பேட் (குச்சியால் தட்டினால் பதிவு செய்த வாத்தியச் சத்தம் வரும் எலக்ட்ரானிக் மிஷின்) வாசிக்கிற தம்பி தன் கவரைப் பிரித்து, அதுவும் வாய்விட்டு எண்ணாமல் இருந்திருந்தால். ஒண்ணு, ரெண்டு, மூணு... இதோடு நிறுத்துவான் என்று பார்த்தேன். ஆறு வரைக்கும் போனான்.

தபேலாவுக்கு 1,500. பேடுக்கு 3,000. இதில் என் வயிறு எரிவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நேற்று ரிசப்ஷனில் அந்தப் பேடிலிருந்து வந்த தபேலா சத்தமே என்னுடையதுதான். போன வருஷம் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஒரு தா, ஒரு தின், ஒரே ஒரு கும்கி குடுங்கண்ணே, பேடுல போட்டுக்கறேன்" என்றான். எல்லாம் தபேலாச் சொற்கள்; கும்கி என்றால் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்து எழுப்பும் அந்தக் கனத்த சத்தம். ஃபேனை நிறுத்தினோம். குக்கர் விசில் அடிக்கும் என்று அடுப்பையே அணைக்கச் சொன்னான், என் மனைவி அணைத்தாள். வியர்க்க வியர்க்க வாசித்தேன். முடிந்ததும் டீ வேறு கொடுத்து அனுப்பினோம். இப்போது என் கும்கி என் உள்ளங்கையிலிருந்து வந்தால் 1,500, அவன் குச்சியிலிருந்து வந்தால் 3,000!

ஆர்கெஸ்ட்ரா ஓனரிடம் கேட்டேன். "அவன் முதல் போட்டு மிஷின் வாங்கியிருக்கான் தம்பி" என்றார். நான் என்ன, தபேலாவைத் தெருவில் கண்டெடுத்தேனா? தோல் கிழிந்தால் ஓனர் வந்து ஒட்டித் தருகிறாரா? ஏசி ஹாலில் சுருதி ஒரு பக்கம் போகும், வலந்தலை, அதாவது வலது கைத் தபேலா, ஒரு பக்கம் போகும். பாடுகிறவர் "சுருதியை அரைக் கட்டை ஏத்திக்கலாமே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். நான் மட்டும் மேடையில் குனிந்து, சுத்தியலால் தபேலாவின் மரக்கட்டையைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி தட்டி... மாப்பிள்ளையின் சித்தப்பா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, ரிப்பேரா?" என்கிறார்.

சிறப்புப் பாடகரைப் பற்றிப் பேசவே வேண்டாம். டிவி போட்டியில் பாதி வழியில் வெளியேறியவர். மூன்று பாட்டு, 20,000, வர ஒரு கார், போக ஒரு கார். இரண்டாவது பாட்டில் சரணம் வந்ததும் மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டிவிட்டார். முழுச் சரணத்தையும் பாடியது பெண் வீட்டார்தான். அவர்களுக்குக் கவர் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் ஓனர் கடைசியாகச் சொன்னது என்ன தெரியுமா? "உலகத்துல எந்த ஆர்கெஸ்ட்ராவுலயும் பக்கத்து ஆள் கவரை எட்டிப் பார்க்கிற பழக்கம் கிடையாது." அப்படியா அண்ணே? பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் புல்லாங்குழல் வாசித்த எலிசபெத் ரோ 2018-ல் கோர்ட்டுக்கே போனார், பக்கத்து நாற்காலியில் ஓபோ என்ற ஊதுகுழல் வாசிக்கும் ஆணைவிடத் தனக்குச் சம்பளம் குறைவென்று. அடுத்த வருஷம் சமரசம் பேசித்தான் முடித்தார்கள். அதற்கும் முன்னால், 2004-ல் ஜெர்மனியில் பான் நகரத்து பீத்தோவன் ஆர்கெஸ்ட்ரா. 16 வயலின்காரர்கள் வழக்குப் போட்டார்கள். புல்லாங்குழல்காரர்களைவிட நாங்கள் அதிக ஸ்வரம் வாசிக்கிறோம், அதற்குத் தகுந்த காசு கொடு என்று. ஊரே சிரித்திருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து நானும் கணக்குப் போட்டேன். 28 பாட்டு, பாட்டுக்கு நாலரை நிமிஷம். மெலடி, குத்து எல்லாம் கலந்து நிமிஷத்துக்கு 240 தட்டு. மொத்தம் 30,240. கவரை அதால் வகுத்தால் ஒரு தட்டுக்கு அஞ்சு பைசா. அதுகூட முழுசாக வரவில்லை, கொஞ்சம் குறைகிறது. அஞ்சு பைசாவைக் கண்ணால் பார்த்தவர்களே இப்போது எத்தனை பேர்?

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் வந்தார். "இது என்ன, குடமா?" தபேலாங்க. "ரெண்டுக்கும் சேர்த்து லக்கேஜ் போடணும்." எனக்கும் குடத்துக்கும் சேர்த்து 70 ரூபாய். என்னிடம் இருந்ததோ அந்த மூன்று நோட்டு மட்டும்தான். ஐந்நூறை நீட்டினால் ஏதோ கள்ள நோட்டை நீட்டியதுபோல முறைக்கிறார். ராத்திரி ஒரு மணிக்குச் சில்லறைக்கு நான் எந்தக் கோயில் உண்டியலுக்குப் போவேன்? கடைசியில் டிக்கெட்டின் பின்னால் '430' என்று கிறுக்கி, "இறங்கும்போது வாங்கிக்க" என்றார்.

தூக்கக் கலக்கத்தில் இரண்டு பையையும் பத்திரமாக இறக்கினேன். பஸ் கிளம்பி, பாலத்தில் திரும்பி, சிவப்பு விளக்கும் மறைந்த பிறகுதான் கையிலிருந்த டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

430 ரூபாய். 8,600 தட்டு.