ஆறு மணிக்கு எடுத்த படம்

அந்தப் படத்தை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். கோடை மாலைகளில் நாங்கள் நிகழ்ச்சி நடத்துகிற எங்கள் தீவு நூலகத்தில் காலி நாற்காலிகள், ஓரத்தில் இரண்டு தலை, மேலே "பேச்சாளரோடு சேர்த்து மூன்று பேர், அபாரமான இலக்கியச் சேவை" என்று ஒரு வரி, கூடவே சிரிப்புப் பொம்மைகள். யார் போட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

படம் எடுத்தது ஆறு மணிக்கு. நிகழ்ச்சி ஆறரைக்கு. படகு கரைக்கு வருவது ஆறேகாலுக்கு. தீவிலேயே இருக்கிறவருக்கு இது தெரியாதா என்ன? படகு வந்த பிறகு இருபத்து மூன்று பேர் இருந்தோம். ஆனால் இதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருபத்து மூன்று என்று வாயைத் திறந்ததும் நானும் தலை எண்ணுகிற ஆளாகிவிடுகிறேன் இல்லையா? மூன்றே பேர் வந்திருந்தாலும் அந்தப் பேச்சு நடந்திருக்கும். நடக்கத்தான் வேண்டும். நூலகத்தில் தலை எண்ணாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

1931-இல் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது அதில் ஒன்று. ஒரு வாசகர். நூறு பேர் வரிசையில் நிற்க வேண்டும் என்று அந்த மனிதர் எங்கும் சொல்லவில்லை.

போன கோடையில் கலங்கரை விளக்கங்களைப் பற்றி ஒரு மாலைப் பேச்சு வைத்தோம். ஒன்பது பேர். பேச வந்தவர் 1823-இல் பிரான்சில் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாகப் பொருத்திய, விளக்கின் ஒளியைக் குவித்துத் தொலைவுக்கு அனுப்புகிற பிரெனெல் வில்லையைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் எங்கள் வீட்டுப் போர்வைதான் திரை. கடல் காற்றுக்கு அது உப்பி உப்பி அடங்க, வில்லையும் கூடவே மூச்சு விடுவதுபோல் இருந்தது. நடுவில் கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். படகு இயந்திரம் பழுதுபார்க்கிறவர், நூலக வாசலை அதுவரை மிதித்தவரில்லை. "தம்பி, அந்த வில்லை எதுமேல நிக்குதுன்னு சொல்லலையே நீங்க" என்றார். அப்புறம் அவரே சொன்னார்: பழைய விளக்குகள் சிலவற்றில் அத்தனை கனமும் ஒரு தொட்டிப் பாதரசத்தின் மேல் மிதக்கும், ஒரு விரலால் தள்ளினால் சுற்றும். இளவயதில் விளக்கில் எடுபிடியாக இருந்தபோது யாரும் பார்க்காத நேரத்தில் அப்படித் தள்ளிப் பார்த்தாராம். சொல்லும்போது ஆள்காட்டி விரலை நீட்டிக் காற்றைத் தள்ளிக் காட்டினார். நகக்கண்ணில் கரிய எண்ணெய். பேச்சாளர் தன் குறிப்புகளை மூடி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் பெரியவர் உறுப்பினர் ஆகிவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. வந்து கலங்கரை விளக்கப் புத்தகம் ஒன்றில் இருந்த வில்லைப் படத்தை மட்டும் பார்த்தார், "தப்பாப் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? வருகை ஒன்று, இரவல் பூஜ்ஜியம் என்றா?

"நூலகம் வாசிக்கிற இடம், கச்சேரி மேடை இல்லை" என்று ஒருவர் அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறார். ஐயா, நூலகம் மக்கள் கூடிப் பேசி விவாதிக்கிற இடமாகவும் இருக்க வேண்டும் என்று நார்வேயில் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள், 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே நாட்டில் 'எபோஸ்' என்றொரு நூலகக் கப்பல், 1963-இல் கட்டியது, ஏறக்குறைய 6,000 நூல்களோடு தீவு தீவாகப் போய்க்கொண்டிருந்தது. புத்தகம் மட்டுமா ஏற்றினார்கள்? குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்தும் கலைஞர்களும் கூடவே போனார்கள். நாலு குடும்பம் இருக்கிற கரைக்கு இத்தனை ஏற்பாடா என்று அங்கே யாரும் படம் எடுத்துப் போட்டுச் சிரித்ததாகத் தெரியவில்லை. 2020-இல் நிறுத்திவிட்டார்களே என்பீர்கள். ஆமாம், நிறுத்தினார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டு நிறுத்தினார்கள். நாம் இன்னும் ஐந்து கோடைகூட முடிக்கவில்லை.

சத்தம் என்ற புகாரில் நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். மேளம் வைத்த அன்று அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். செலவு என்கிறவர்களுக்கு மட்டும் பதில் சொல்லப்போவதில்லை. போர்வை என்னுடையது, திரையில் படம் காட்டுகிற கருவி என்னுடையது, பேசுகிறவருக்குப் படகுச் சீட்டு, அவ்வளவுதான். மாலையில் எதற்கு, பகலில் வைக்கக்கூடாதா என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் நண்பகலில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே வந்து உட்கார்ந்து பாருங்கள். குளிர்காலத்தில் வைக்கலாமே என்கிறவர்களுக்கு: கடைசிப் படகு எட்டரைக்குப் போவது கோடையில்தான். மற்ற மாதங்களில் நாலரையோடு சரி.

கோபமில்லை எனக்கு. சரி, இருக்கிறது. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன். இந்தப் படத்தைப் போட்டவர் தன் முதல் கதையை வாசித்தது இதே அறையில்தான். அன்றைக்கு ஏழு பேர், அதில் இரண்டு பேர் என் வீட்டு ஆட்கள், ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். வாசிக்கும்போது அவருக்குக் கை நடுங்கியது, காகிதம் சடசடவென்று அடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தினேன், காற்றினால்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று. அன்று நானும் ஒரு படம் எடுத்தேன். முட்டி போட்டு, பக்கவாட்டில் இருந்து, ஏழு தலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அறை நிறைந்த கூட்டம்போலத் தெரிகிற மாதிரி. அந்தப் படம்தான் இன்றுவரை அவருடைய முகப்பில் இருக்கிறது. போய்ப் பாருங்கள், காலி நாற்காலி ஒன்றுகூடத் தெரியாது.

வரும் சனிக்கிழமை ஆறரைக்கு நீர்வண்ண ஓவியம், வரைந்து காட்டுகிறார்கள். இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடவில்லை. கை விசிறி இருந்தால் எடுத்து வாருங்கள்.