வரையாடு நம் வீட்டு ஆடு இல்லை

நேற்று எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் நடந்த கூத்து இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அந்த வீடியோவை மறுபடியும் போடப் போவதில்லை. வால்பாறை மலைப்பாதை, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. கார் ஜன்னலிலிருந்து நீளும் ஒரு கை, அதில் மசாலா சிப்ஸ், எதிரே ஒரு வரையாட்டுக் குட்டி. பின்சீட்டிலிருந்து 'மே... மே...' என்று ஒரு குரல். 'அதுக்கு சிப்ஸ் கொடுக்காதீங்க' என்று ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான் என் குற்றம்.

ஒரு சிப்ஸில் என்ன ஆகிவிடும் என்கிறார்கள். ஒன்றும் ஆகாது சார். ஆனால் அந்த 40 வளைவுகளிலும் நம் கார்கள்தானே நிற்கின்றன? ரோட்டோரம் நின்றால் தீனி கிடைக்கும் என்று ஆடு படித்துக்கொள்கிறது. செங்குத்துப் பாறையில் வழுக்காத கால், ரோட்டில் வேகமாக வரும் வண்டிக்கு முன்னால் என்ன செய்யும்? அது நம் மாநில விலங்கு. அதைக் காப்பாற்றவே 2022இல் அரசு 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித் தனித் திட்டம் அறிவித்தது. நாம் பத்து ரூபாய் பாக்கெட்டோடு போகிறோம்.

'எஸ்டேட்டுக்காகக் காட்டையே அழித்தார்களே, அவர்களைக் கேட்டாயா?' நியாயமான கேள்வி. இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது சிப்ஸ்.

'நீ மட்டும் யோக்கியமா?' இல்லை. பள்ளிச் சுற்றுலாவில் டாப்சிலிப்பில் குரங்குக்கு பிஸ்கட் போட்டவன்தான் நான். அங்கிருந்த வனக்காவலர் திட்டவில்லை. கீழே கிடந்த பாக்கெட்டை எடுத்து என் சட்டைப் பையில் திணித்து, "ஊருக்குக் கொண்டு போ தம்பி" என்றார். சென்னை வந்து சேரும்வரை அந்தப் பையில் எறும்பு.

அப்புறம், 'சென்னையில் உட்கார்ந்துகொண்டு உனக்கென்ன மலை?' வீராணத்திலிருந்து நமக்கு வருவது காவிரித் தண்ணீர். காவிரியில் கலக்கும் பவானி, நீலகிரியின் சோலையிலும் புல்வெளியிலும் ஊறி இறங்குவது. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காக இரவு இரண்டு மணிக்கு கேட்டருகே காத்திருந்தோமே, மறந்துவிட்டதா? அன்று பி பிளாக் அண்ணன் ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்து, மூடியில் ஊற்றி முதலில் எனக்குத்தான் கொடுத்தார்.

அதே அண்ணன்தான் நேற்று 'ஃபாரஸ்ட் ஆபீசர் வந்துட்டார்' என்று நான்கு சிரிப்பு எமோஜியோடு எழுதியவர். இன்று காலை லிஃப்டில் என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக்கொண்டார். சரி, நானும் எடுத்துக்கொண்டேன்.