பசுமை ரிசார்ட்டைப் பசுமையாக்குவது மூங்கில் விளக்கு இல்லை

மலைமேல் இருக்கிற ஒரு ரிசார்ட்டுக்குப் பசுமை விருது கொடுத்த விழாவின் வீடியோவை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக டைம்லைனில் அதுதான் ஓடுகிறது. எந்த மலை, எந்த ரிசார்ட் என்று பெயர் சொல்லப் போவதில்லை. உரிமையாளர் மேடையேறினார், சரி. இன்டீரியர் டிசைனர் ஏறினார், அதுவும் சரி. விளம்பர ஏஜென்சிக்காரர்கள்கூட ஷீல்டு வாங்கினார்கள். சரிவை அளந்தவர், தாங்குசுவருக்குக் கணக்குப் போட்டவர், கழிவுநீருக்கு வழி சொன்னவர் ஒருவர் பெயரும் அந்த மேடையில் உச்சரிக்கப்படவில்லை. போதாக்குறைக்கு, "இங்கே இன்ஜினியரிங்கே இல்லை, எல்லாவற்றையும் இயற்கையே பார்த்துக்கொண்டது" என்ற பேச்சுக்கு அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

மலைச்சரிவில் நாற்பது அறை கட்டினால் இயற்கை எதையும் பார்த்துக்கொள்ளாது. யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் அந்தக் கணக்கைக் கீழே இருக்கிற ஊர் கட்டும்.

நாற்பது அறை என்றால் நிறைந்த நாளில் எண்பது விருந்தினர். நான்கு நட்சத்திரத் தரத்துக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது தலைக்கு 320 லிட்டர் தண்ணீர். 25,600 லிட்டர் ஆயிற்று. அறுபது ஊழியர்களுக்குத் தலைக்கு 45 லிட்டர் வைத்தால் இன்னொரு 2,700. இதில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும். சனிக்கிழமை ஒரு நாளில் இருபத்திரண்டாயிரம் லிட்டருக்கு மேல். அதே ரிசார்ட்டில் செவ்வாய்க்கிழமை எட்டு அறைதான் நிரம்பியிருக்கும். அன்றைக்கு வருவது ஆறாயிரம் லிட்டர்.

இந்த ஏற்ற இறக்கத்தில்தான் பாதி மலை ரிசார்ட்டுகளின் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், செத்துப்போகிறது. கழிவைத் தின்று வாழும் பாக்டீரியாவுக்கு வாரநாளில் பட்டினி, வாரக்கடைசியில் தாங்க முடியாத விருந்து. இதைச் சமாளிக்க முன்னால் ஒரு சமன்படுத்தும் தொட்டி வேண்டும். சனி, ஞாயிறு வரும் கழிவுநீரைப் பிடித்து வைத்து ஒரே வேகத்தில் உள்ளே அனுப்ப வேண்டும். அந்தத் தொட்டியைத்தான் செலவு குறைக்கிறேன் என்று முதலில் அடித்துவிடுகிறார்கள். அடுத்தது குளிர். ராத்திரி வெப்பநிலை ஐந்து டிகிரிக்கு இறங்கும் இடத்தில் பாக்டீரியாவின் வேகம் சமவெளியில் இருப்பதில் பாதிகூட இருக்காது. சென்னையில் ஓடுகிற டிசைனை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஊட்டியில் வைத்தால் ஓடாது, தொட்டி அளவு கூட வேண்டும். அடுத்தது சமையலறை எண்ணெய். குளிரில் அது குழாயிலேயே உறைந்து கட்டியாகும். அதைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் டிராப்பை வாராவாரம் அள்ளாவிட்டால் எஸ்டிபி முழுவதும் நுரை. கடைசியாக, ஹவுஸ்கீப்பிங்கில் கக்கூஸுக்கு ஊற்றுகிற ஆசிட்டும் பினாயிலும். அது கிருமியை மட்டும் கொல்வதில்லை, நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்கிறது. கரண்ட் போய், பாக்டீரியாவுக்குக் காற்று ஊதும் ப்ளோயர் ஆறு மணி நேரம் நின்றால் மிச்சம் இருந்ததும் போயிற்று.

ப்ளோயரே இல்லாத முறையும் இருக்கிறது. படிவுத் தொட்டி, தடுப்புகள் வைத்த காற்றில்லாத் தொட்டி, அதற்கப்புறம் கல்வாழையும் நாணலும் நட்ட ஜல்லிப் படுகை. புதுச்சேரி அருகே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்த முறைதான் ஓடுகிறது. அந்தத் தண்ணீர்தான் அங்கே தோட்டத்துக்குப் போகிறது. ஆனால் இதற்கு இடம் அதிகம் வேண்டும், சமதளம் வேண்டும். சரிவில் எங்கே அந்த இடத்தை எடுப்பது என்று காட்டேஜ்களைக் குறிக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். யார் முடிவு செய்வார்? இயற்கையா?

இவ்வளவும் செய்யாமல் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு உறிஞ்சு குழி தோண்டி உள்ளே விட்டுவிடுகிறார்கள். தினமும் இருபதாயிரம் லிட்டரை ஒரே சரிவுக்குள் இறக்கினால் மண் ஊறி எடை கூடும், துகள்களுக்கு நடுவே பிடிப்பு குறையும். அதன் மேல் ஐப்பசி மழையும் சேர்ந்தால் சரிவு கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால், கீழே ஊற்றாக வெளியே வரும். அந்த ஊற்றில் குடம் வைத்துப் பிடிக்கிறவர்களுக்கு மேலே விருது வாங்கிய ரிசார்ட் இருப்பது மட்டும்தான் தெரியும்.

மழைக்கணக்கும் இதே கதைதான். நூறு சதுர மீட்டர் கூரையில் இருபது சென்டிமீட்டர் மழை பெய்தால் இருபதாயிரம் லிட்டர். இரண்டிரண்டு அறையாக இருபது காட்டேஜ் என்றால் ஒரே நாளில் நான்கு லட்சம் லிட்டர், அதுவும் கூரையிலிருந்து மட்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். இந்தத் தண்ணீரை மேலேயே வடிகால் வெட்டிப் பிடித்து, படிப்படியாக வேகம் குறைத்து இறக்கி, ஏற்கெனவே இருக்கிற ஓடையில் சேர்க்க வேண்டும். ஜேசிபி வெட்டிக் கீழே தள்ளிய தளர் மண்ணில் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. சரிகிற இடம் எப்போதும் அந்த மண்தான். நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இருபது, முப்பது சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டிவிட்டு மேலே புல் பதித்தால் போட்டோவில் அழகாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு தாங்குசுவர் சொல்கிறேன், இதே தொழிலில் இருப்பவர்கள் படித்ததும் தலையாட்டுவார்கள். மூன்று மீட்டர் உயரம். டிசைனில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 75 மில்லிமீட்டர் குழாய், அதன் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி. மண்ணில் சேரும் தண்ணீர் வெளியே வடிவதற்கான வழி அது. சுவர் சரியாகத்தான் கட்டப்பட்டது. திறப்பு விழாவுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் அந்தக் குழாய்களிலிருந்து செம்மண் தண்ணீர் வழிந்து கோடு கோடாகக் கறை. அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, பெயின்டர் ஒவ்வொரு ஓட்டையிலும் சிமென்ட் அப்பிப் பூசிவிட்டார். பின்னால் தண்ணீர் தேங்கினால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நாலரை டன் தள்ளு. சுவர் அதற்காகக் கட்டப்பட்டது இல்லை. அந்தப் பெயின்டரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஓட்டை எதற்கு என்று தெரிந்த மனிதருக்குக் கடைசி பில்லைக் கொடுத்து எப்போதோ அனுப்பிவிட்டார்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: பசுமை ரிசார்ட்டைப் பசுமையாக்குவது கண்ணுக்குத் தெரியாத வேலை. அதைச் செய்கிறவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள்.

அவர்களிலும் மிக முக்கியமானவர் "இங்கே கட்டாதீர்கள்" என்று சொல்கிறவர். இலங்கையில் தம்புள்ளை அருகே கண்டலம ஹோட்டலை உதாரணம் காட்டாத ஆர்க்கிடெக்ட் இல்லை. பாறையோடு ஒட்டி நீளும் கட்டடம், மேலே படர்ந்த கொடிகள், எல்லோரும் அந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். அதை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா செய்த முதல் வேலை, சிகிரியா பக்கத்தில் முதலில் காட்டிய இடத்தை வேண்டாம் என்றது. அதற்கப்புறம்தான் கண்டலமக் குளத்தைப் பார்த்த பாறைச் சரிவைத் தேர்ந்தார். குளம் மாசாகும் என்று அப்போது பெரிய எதிர்ப்பு. கட்டடத்தைத் தூண்களில் தூக்கி நிறுத்தி, மேலேயிருந்து வரும் மழைநீர் அடியில் புகுந்து ஓட வழி விட்டார்கள். 1994-இல் திறந்த ஹோட்டலைப் பார்த்துக் கொடியை மட்டும் காப்பியடிக்கிறார்கள். அடியில் தண்ணீர் ஓடும் வழியை யாரும் காப்பியடிப்பதில்லை.

"வேண்டாம்" என்ற சொல்லுக்குக் காது கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கேரளாவில் வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்து தீவைப் பாருங்கள். கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியதற்காக அங்கே இருந்த சொகுசு ரிசார்ட்டை இடிக்க 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் இடிக்க ஆரம்பித்தார்கள், 54 வில்லாக்கள். நிலம் வாங்கும் முன் விதி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தால் போதும். நீலகிரியில் சீகூர் பீடபூமி யானை வழித்தடத்திலும் அதேதான்: அங்கே இருக்கிற ரிசார்ட்டுகள் காலி செய்ய வேண்டும் என்று 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. யானை நடக்கும் பாதை எது என்று அங்கே இருக்கிற இருளரையோ குறும்பரையோ கேட்டிருந்தால் ஒரே நாளில் நடந்து காட்டியிருப்பார்கள். அவர்களையும் இந்தத் துறையின் நிபுணர்கள் என்றுதான் சொல்வேன், அவர்களுக்கும் ஃபீஸ் கொடுக்க வேண்டும்.

இப்போது கமென்டில் என்ன வரும் என்று தெரியும். "கன்சல்டன்ட்களுக்கு விளம்பரம் பண்ணுகிறீர்கள்." இல்லை. வேண்டாம் என்று சொல்கிற கன்சல்டன்டுக்கு அடுத்த வேலை கிடைக்காது, அதுதான் இந்தத் தொழிலின் நிலைமை. அதைத் தெரிந்துகொண்டு பிறகு சொல்லுங்கள்.

"முறையாக அனுமதி வாங்கித்தானே கட்டினார்கள்." வாங்கியிருக்கலாம். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடங்களுக்கான வரம்பு 20,000 சதுர மீட்டர். நாற்பது அறை ரிசார்ட் அதன் கிட்டேகூட வராது. மலைப்பகுதிக்குத் தனி ஆணையம் இருக்கிறது, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இருக்கிறது. அவை காகிதத்தைப் பார்க்கும். காகிதத்தில் எஸ்டிபி எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

"சின்ன ஹோம்ஸ்டேக்காரருக்கு இவ்வளவு செலவு தாங்குமா?" இது நியாயமான கேள்வி. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆறு அறைக்கு எஸ்டிபி வேண்டாம். நிலத்தின் மேடுபள்ளத்தைக் கோடுகளாகக் காட்டும் கன்டூர் சர்வே ஒன்றை ஒரு மீட்டர் உயர இடைவெளியில் எடுங்கள். காட்டேஜ் வரும் இடங்களில் இரண்டு, மூன்று சோதனைக் குழி வெட்டி மண்ணைப் பாருங்கள். உறிஞ்சு குழி வரும் இடத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, மறுநாள் நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அறுபது நிமிடத்துக்கு மேல் என்றால் அந்த மண் கழிவுநீரை உறிஞ்சாது, வேறு வழிதான் பார்க்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். வடிகட்டாமலேயே கீழே ஊற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். மூங்கிலில் கட்டுவதானால் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊற வைத்த மூங்கிலாக வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் வண்டு துளைத்து மாவாக உதிர்த்துவிடும், திரும்பக் கட்ட வேண்டியதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் என்றால் ஜனவரி முதல் கடலைப் பார்த்து எரியும் விளக்குகளை அணையுங்கள். பொரிக்கும் ஆமைக்குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் நடக்கும். இதில் எதற்கும் கோடிகள் தேவையில்லை.

"அப்போ ரிசார்ட்டே வேண்டாம் என்கிறீர்களா?" சில இடங்களில், ஆமாம். 2024 ஜூலை 30-க்குப் பிறகும், வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் என்ன ஆயின என்று பார்த்த பிறகும் இதைக் கேட்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

மேடையில் பெயர் வராத இன்னொருவர் இருக்கிறார். அவரை நினைத்தால்தான் கோபம் அதிகமாகிறது. எஸ்டிபி ஆபரேட்டர். நிபுணர் வரைந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தினமும் காலையில் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் பிடித்து, அரை மணி நேரத்தில் சேறு எவ்வளவு படிகிறது என்று பார்த்து எழுதுகிறவர் அவர்தான். பெரும்பாலான இடங்களில் அவருக்குத் தோட்ட வேலையும் சேர்த்துத்தான். பயிற்சி கிடையாது. பம்ப் அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்கச் சொல்கிறார்கள். கழிவுத் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்து வாசனையே தெரியாது, இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். செப்டிக் டேங்கில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. தொட்டிக்குள் இருக்கிற பம்பை மேலேயிருந்தே சங்கிலியால் தூக்கி எடுக்க வழிகாட்டிக் கம்பிகள் வைத்தால் யாரும் இறங்கவே வேண்டாம். டிசைன் நேரத்திலேயே முடிகிற வேலை. அதை யாராவது கேட்க வேண்டும். கேட்கிறவர் இருக்கும் நேரத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டும்.

விருதுக் குழுவில் இருப்பவர்கள் சிலர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அடுத்த வருடம் விண்ணப்பப் படிவத்தில் போட்டோவோடு சேர்த்து இவற்றையும் கேளுங்கள்: பன்னிரண்டு மாத எஸ்டிபி லாக் புக், வெளி ஆய்வகத்தில் சோதித்த நீர் அறிக்கை, மார்ச் முதல் மே வரை வாங்கிய டேங்கர் லாரித் தண்ணீர் பில்கள், கட்டும் முன் எடுத்த கன்டூர் வரைபடம், அதில் கையெழுத்திட்டவர் பெயர். எஸ்டிபி ஆபரேட்டரின் பெயரும் சம்பளமும்கூட. ஒரு நடுவர் நேரில் போய் தாங்குசுவரில் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று விரலை விட்டுப் பார்க்கட்டும்.